பவுச் அச்சடிக்கும் முன்: புதிதாகத் தொழில் தொடங்குவோருக்கு அறிவுசார் சொத்துரிமை

நான் இட்லிப்பொடி விற்கத் தொடங்கியபோது கையில் மூன்று காகிதங்கள் இருந்தன. உத்யம் சான்றிதழ், ஜி.எஸ்.டி. பதிவு, எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. பதிவு. மூன்றிலும் என் கடைப் பெயர் கொட்டை எழுத்தில் இருந்தது. அரசாங்கமே பெயரை எழுதிக் கொடுத்துவிட்டது, இனி யார் கேட்க முடியும் என்று இருந்துவிட்டேன். ஐந்து வண்ணத்தில் பவுச் அடித்தேன். வண்ணத்துக்கு ஓர் அச்சுச் சிலிண்டர், ஒவ்வொன்றுக்கும் தனிக்காசு. பதினோராவது மாதம் ஒரு வக்கீல் நோட்டீஸ் வந்தது. ஒரே ஓர் எழுத்துதான் வித்தியாசம், மற்றபடி அதே பெயரை வேறு மாவட்டத்து மசாலா கம்பெனி ஒன்று பல வருடம் முன்பே டிரேட்மார்க்காகப் பதிந்து வைத்திருந்தது. “அவங்க கேக்கறதுல தப்பே இல்லீங்க” என்று என் வக்கீலே சொன்னார். மிச்சமிருந்த பவுச்சுகளை எடைக்குப் போடலாம் என்று பார்த்தால், லேமினேட் கவரைப் பழைய பேப்பர்காரர் தொடவே இல்லை.

அந்த மூன்று காகிதங்களும் வேறு வேலைக்கானவை. ஜி.எஸ்.டி. வரி கட்டுவதற்கு. எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. உணவுப் பாதுகாப்புக்கு. உத்யம், நீங்கள் சிறுதொழில் செய்பவர் என்று சொல்வதற்கு. பிரைவேட் லிமிடெட்டாகக் கம்பெனியைப் பதிந்தாலும் இதே கதைதான். கம்பெனிப் பதிவாளர் பெயரைக் கொடுத்துவிட்டதால் அந்தப் பெயரில் சரக்கு விற்கும் உரிமை உங்களுக்கு மட்டும் வந்துவிடாது. பெயரின் மேல் உரிமை வேண்டுமென்றால் போக வேண்டிய வாசல் தனி. அந்த வாசலுக்கு எப்படிப் போவது என்பதைத்தான் எழுதுகிறேன். நான் உணவுத் தொழிலில் இருப்பதால் உதாரணங்கள் சாப்பாட்டுப் பக்கமே சாயும். துணி, சோப்பு, செயலி என்று எதைச் செய்தாலும் வழி ஒன்றுதான்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ளலாம்

நம் ஊரில் எல்லாவற்றுக்கும் ஒரே சொல்தான்: “பேரை பேட்டன்ட் பண்ணிட்டேன்.” பெயரைப் பேட்டன்ட் செய்ய முடியாது. பத்திரிகைகளும் காப்புரிமை என்ற சொல்லை ஒரு நாள் பேட்டன்டுக்கும் மறுநாள் காப்பிரைட்டுக்கும் போட்டுக் குழப்பும். அதனால் இந்தக் கட்டுரையில் பேட்டன்ட், டிரேட்மார்க் என்று ஊரில் புழங்கும் சொற்களையே வைத்துக்கொள்கிறேன். காப்பிரைட்டுக்கு மட்டும் பதிப்புரிமை.

ஒரு பொடி பாட்டிலை மேசைமேல் வைத்துப் பாருங்கள். அதன்மேல் இருக்கும் பெயரும் முத்திரையும் டிரேட்மார்க். லேபிளில் இருக்கும் அம்மிக்கல் ஓவியம், பின்பக்கம் எழுதிய நாலு வரிக் கதை, விளம்பரப் புகைப்படம் எல்லாம் பதிப்புரிமை. பாட்டிலின் வடிவம் புதுமாதிரியாக இருந்தால் அது டிசைன் பதிவுக்கு உரியது. பருப்பு வறுக்க நீங்களே புதிதாக ஓர் இயந்திரம் கண்டுபிடித்திருந்தால் அது பேட்டன்ட். மிளகாய்க்கு உளுந்து எவ்வளவு, எத்தனை நிமிடம் வறுக்க வேண்டும் என்பது தொழில் ரகசியம். ஊர்ப் பெயரைப் போட்டு விற்றால், ஓர் ஊரின் பெயரை அந்த ஊர்ச் சரக்குக்கே என்று காக்கும் புவிசார் குறியீடு குறுக்கே வரலாம். ஒரே பாட்டிலில் ஆறு சங்கதி. புதிதாக வருபவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் முதலில் கவலைப்பட வேண்டியது முதல் இரண்டைப் பற்றி.

பெயர் வைக்கும்போதே பாதி வேலை முடிகிறது

சரக்கு என்ன என்பதை அப்படியே சொல்லும் பெயர் விற்பனைக்கு வசதி, பதிவுக்கு ஆகாது. “சுத்தமான செக்கு எண்ணெய்” என்று பெயர் வைத்தால், செக்கு எண்ணெய் ஆட்டும் எல்லோருக்கும் அந்தச் சொற்கள் வேண்டும், உங்களுக்கு மட்டும் எப்படிக் கொடுப்பது என்று டிரேட்மார்க் பதிவகம் கேட்கும். டிரேட்மார்க் சட்டம் 1999-இன் 9-ஆம் பிரிவு இதைத்தான் சொல்கிறது. தரத்தைச் சொல்லும் சொல், ஊரைச் சொல்லும் சொல், அந்தத் தொழிலில் எல்லோரும் புழங்கும் சொல் எல்லாம் சிக்கல்தான். பல வருடம் விற்று அந்தச் சொல் உங்களையே குறிக்கும் என்ற அளவுக்குப் பெயர் எடுத்திருந்தால் விதிவிலக்கு உண்டு. புதிதாக வருபவருக்கு அந்தக் கதவு இப்போதைக்குத் திறக்காது.

சரக்குக்குச் சம்பந்தமே இல்லாத சொல் வலுவானது. சட்டைக்குக் “குருவி” என்று வைக்கலாம், சாம்பார்ப்பொடிக்குப் “பரிசல்” என்று வைக்கலாம். அகராதியிலேயே இல்லாத சொல்லை உருவாக்கினால் இன்னும் நல்லது. ஆரம்பத்தில் வாடிக்கையாளர் வாயில் நுழையச் சிரமப்படும், அவ்வளவுதான்.

நமக்குச் சாமி பெயர் வைக்காமல் கை வராது. வைக்கலாம், தடையில்லை. ஆனால் அது உங்களுக்கு மட்டுமே என்று பூட்டி வைப்பது கடினம். ஊதுபத்திக்கு ‘ராமாயண்’ என்ற சொல்லை ஒருவர் பதியப் போன வழக்கில், புனித நூலின் பெயரைச் சரக்கின் பெயராக யாரும் தனியுரிமை கொண்டாட முடியாது என்று 2015-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. தேசியச் சின்னம், காந்தி படம் போன்றவை 1950-ஆம் ஆண்டின் தனிச் சட்டப்படி ஆகாது. டீக்கடைக்குச் சினிமா நடிகர் படம் போடும் ஆசை இருந்தால் அதையும் விட்டுவிடுங்கள். தன் பெயரையும் சாயலையும் அனுமதியின்றிப் பயன்படுத்தக் கூடாது என்று ரஜினிகாந்த் தொடுத்த வழக்கில், பிரபலமானவருக்கு அந்த உரிமை உண்டு என்பதைச் சென்னை உயர் நீதிமன்றம் 2015-இல் ஏற்றுக்கொண்டது.

தேடுவது: ஒரு மாலை முழுக்க ஒதுக்குங்கள்

ஐபி இந்தியா (ஐபி என்றால் அறிவுசார் சொத்து) என்ற அரசுத் தளத்தில் டிரேட்மார்க் பொதுத் தேடல் என்று ஒரு பக்கம் இருக்கிறது. இலவசம். நான் செய்யாமல் விட்டது இதைத்தான்.

தேடுவதற்கு முன் உங்கள் சரக்கு எந்த வகுப்பில் வருகிறது என்று தெரிய வேண்டும். மொத்தம் 45 வகுப்புகள். 1 முதல் 34 வரை பொருட்கள், 35 முதல் 45 வரை சேவைகள். மசாலா, பொடி, மாவு, முறுக்கு, காபி, டீ எல்லாம் 30. சமையல் எண்ணெய், ஊறுகாய், பால்பொருட்கள் 29. சோப்பு, அழகுசாதனம் 3. ஆயத்த ஆடை 25. ஓட்டல் 43. பயிற்சி வகுப்பு 41. செயலி என்றால் 9, 42 இரண்டையும் பாருங்கள். பல கம்பெனிச் சரக்கை வாங்கி விற்கும் கடை என்றால் 35. இட்லிப்பொடியும் நல்லெண்ணெயும் சேர்த்து விற்றால் 30, 29 இரண்டிலும் தேட வேண்டும்.

தேடும்போது தமிழ்ப் பெயருக்கென்றே ஒரு தொல்லை உண்டு. பெரும்பாலான பெயர்கள் ஆங்கில எழுத்தில்தான் பதிவாகியிருக்கும். ‘வாழை’ என்ற சொல்லின் ழகரத்துக்கு ஒருவர் இசட்-ஹெச் போட்டிருப்பார், இன்னொருவர் வெறும் எல் போட்டிருப்பார். நெடிலுக்கு ஒரு ஏ போட்டவரும் உண்டு, இரண்டு ஏ போட்டவரும் உண்டு. தகரத்துக்கு டி-ஹெச்சா (TH), டி மட்டுமா (T), இல்லை இன்னொரு டியா (D)? சகரத்துக்கு எஸ்ஸா, சி-ஹெச்சா? ஒரு பெயரைக் குறைந்தது ஐந்தாறு விதமாக எழுதிப் பார்க்க வேண்டும். ஒலி ஒப்புமையில் தேடும் ‘ஃபொனெடிக்’ வசதியும் அங்கே இருக்கிறது. அதையும் போட்டுப் பாருங்கள், ஆனால் அதை மட்டும் நம்பாதீர்கள், தமிழ் ஒலி அதற்கு அவ்வளவாகப் பிடிபடாது. அதே பொருளுள்ள வேறு மொழிச் சொல்லையும் ஒருமுறை தேடிவிடுங்கள்.

“என் பெயர் கொஞ்சம் வேற மாதிரிதானே இருக்கு” என்று மனம் சொல்லும். அப்போது மூக்குப்பொடி வழக்கை நினைத்துக்கொள்ளுங்கள். சென்னையில் ‘ஸ்ரீ அம்பாள்’ என்ற பெயரில் மூக்குப்பொடி விற்றுக்கொண்டிருந்தார்கள். இன்னொருவர் தன் மூக்குப்பொடிக்கு ‘ஸ்ரீ ஆண்டாள்’ என்ற பெயருள்ள லேபிளைப் பதியப் போனார். அம்பாள் பார்வதி, ஆண்டாள் ஸ்ரீவில்லிபுத்தூரில் பிறந்தவள், சைவமும் வைணவமும் தெரிந்த எவரும் இரண்டையும் குழப்ப மாட்டார்களே என்பது நியாயமான வாதம்தான். 1969-இல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. மூக்குப்பொடி வாங்குபவர்கள் எல்லோரும் இந்துக்கள் இல்லை, வியாபாரம் தென்னிந்தியாவோடு நிற்பதும் இல்லை. கண்ணால் பார்த்து மட்டும் முடிவு செய்யக் கூடாது, காதாலும் கேட்டுப் பார்க்க வேண்டும், அம்பாளும் ஆண்டாளும் காதுக்கு நெருக்கமாக ஒலிக்கின்றன என்று சொல்லிப் பதிவை மறுத்துவிட்டது. கடையில் யாரும் எழுத்துக்கூட்டிக் கேட்பதில்லை, சத்தம் போட்டுத்தான் கேட்கிறார்கள். ஆகவே நீங்கள் தேர்ந்தெடுத்த பெயரையும் தேடலில் வந்த பெயரையும் போனில் ஒருவருக்குச் சொல்லிப் பாருங்கள். அவர் “எது?” என்று திருப்பிக் கேட்டால் பெயரை மாற்றுங்கள்.

தேடலில் ‘கைவிடப்பட்டது’ என்ற நிலையில் ஒரு பெயர் இருந்தால் குதிக்க வேண்டாம். விண்ணப்பம்தான் செத்துப்போயிருக்கும், கடை உயிரோடு இருக்கலாம். பதியாமலே ஒரு பெயரை முன்பிருந்து பயன்படுத்துபவருக்கும் நம் சட்டத்தில் உரிமை உண்டு. அதனால் அரசுத் தளத்தோடு நிறுத்தாமல் கூகுள், இன்ஸ்டாகிராம், ஆன்லைன் சந்தைகள், உங்கள் ஊர் மளிகைக்கடை அலமாரி என்று எல்லாவற்றையும் ஒரு சுற்றுப் பாருங்கள். பெயர் காலியாக இருந்தால் அன்று இரவே இணைய முகவரியையும் சமூக ஊடகக் கணக்கையும் எடுத்துவிடுங்கள்.

லோகோவுக்குக் காசு கொடுத்தாலும் அது உங்களுடையதாகாது

இதைச் சொன்னால் பலர் நம்புவதில்லை. வெளியில் ஒரு டிசைனரிடம் காசு கொடுத்து லோகோ வாங்குகிறீர்கள். பதிப்புரிமைச் சட்டம் 1957-இன்படி அந்த ஓவியத்தின் முதல் உரிமையாளர் பொதுவாக வரைந்தவர்தான். உங்களிடம் சம்பளத்துக்கு வேலை பார்ப்பவர் வேலையின் பகுதியாக வரைந்தால் அது முதலாளிக்கு. ஃப்ரீலான்சர் என்றால் எழுத்தில், அவர் கையொப்பத்துடன், உரிமையை மாற்றி எழுதி வாங்க வேண்டும். “அண்ணா, உங்களுக்குத்தானே செஞ்சேன்” என்ற வாட்ஸ்ஆப் செய்தியை நம்பி உட்காரக் கூடாது.

எழுதி வாங்குவதிலும் மூன்று பொடிச் சங்கதிகள் இருக்கின்றன. எத்தனை காலத்துக்கு என்று எழுதாவிட்டால் சட்டம் அதை ஐந்து வருடம் என்றே எடுத்துக்கொள்ளும். எந்த நாட்டுக்கு என்று எழுதாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும். வாங்கிய உரிமையை ஒரு வருடத்துக்குள் பயன்படுத்தாவிட்டால், வேறு விதமாக எழுதியிராதவரை அது திரும்பிப் போய்விடும். இந்த மூன்று ஓட்டைகளும் 19-ஆம் பிரிவில் இருக்கின்றன, அடைப்பதற்கு நாலு வரி போதும்:

“இந்த லோகோவின் பதிப்புரிமை முழுவதையும், உலகம் முழுவதற்கும், பதிப்புரிமைக் காலம் முடியும் வரைக்கும், ரூ. ……… பெற்றுக்கொண்டு ……… என்பவருக்கு எழுதிக் கொடுக்கிறேன். ஒரு வருடத்துக்குள் பயன்படுத்தாவிட்டாலும் இந்த உரிமை என்னிடம் திரும்பாது. இது நானே வரைந்தது, பிறர் படைப்பிலிருந்து எடுத்ததல்ல.”

தேதி, இருவர் கையொப்பம், லோகோவின் படம் ஒன்று அதே தாளில். மாமா பையன் சும்மா செய்து கொடுத்தாலும் இதை வாங்குங்கள். சும்மா செய்து கொடுத்தவர்கள்தான் நாளைக்குக் கடை வளர்ந்ததும் ஞாபகம் வைத்திருப்பார்கள். கடைசி வரி முக்கியம். செயலிகளில் கிடைக்கும் டெம்ப்ளேட்டை எடுத்து நிறத்தை மாற்றிக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். அதே மயிலை அடுத்த தெரு பியூட்டி பார்லர் பலகையிலும் பார்ப்பீர்கள்.

பதிப்புரிமை படைத்த நிமிடமே பிறக்கிறது, பதிவது கட்டாயமில்லை. எழுத்து, ஓவியம் போன்றவற்றுக்கு அது படைத்தவரின் ஆயுளும் அதற்குப் பிறகு 60 வருடமும் நீடிக்கும். இது உங்களுக்கு எதிராகவும் வேலை செய்யும் என்பதை மறக்க வேண்டாம். கூகுளில் கிடைத்த தோசைப் படம் யாரோ எடுத்தது. ரீல்ஸுக்குப் பின்னால் ஓடும் சினிமாப் பாட்டு யாரோ ஒருவருடையது. கடைக்கணக்கில் அதைப் போட்டால் அது விளம்பரம். எழுத்துருவுக்குக்கூட உரிமம் உண்டு. அழகாக இருக்கிறதே என்று எடுத்த தமிழ் எழுத்துரு, சொந்த உபயோகத்துக்கு மட்டும் இலவசமாக இருக்கலாம்.

யார் பெயரில் பதிவது

கல்லூரி நண்பர்கள் மூன்று பேர் சேர்ந்து தொடங்குவார்கள். யாரிடம் பான் கார்டு கையில் இருக்கிறதோ அவர் பெயரில் விண்ணப்பம் போய்விடும். இரண்டு வருடம் கழித்துப் பிரியும்போது கடை ஒருவரிடம், பெயர் இன்னொருவரிடம் என்று நிற்கும். தனி ஆளாகச் செய்கிறீர்கள் என்றால் உங்கள் பெயரில் போடுங்கள். கூட்டு என்றால் கூட்டாளிகள் அனைவர் பெயரையும் குறிப்பிட்டு நிறுவனத்தின் சார்பில். கம்பெனி என்றால் கம்பெனி பெயரில். பிரிந்தால் பெயர் யாருக்கு என்பதையும் கூட்டு ஒப்பந்தத்தில் ஒரு வரி எழுதிவிடுங்கள். நல்ல உறவில் இருக்கும்போது எழுதினால்தான் அது சண்டையில்லாமல் எழுதப்படும்.

விண்ணப்பம்

டி.எம்.-ஏ என்ற படிவம். ஆன்லைனில் போட்டால் தனிநபர், ஸ்டார்ட்அப், சிறுதொழில் நிறுவனம் ஆகியோருக்கு ஒரு வகுப்புக்கு ரூ. 4,500. மற்றவர்களுக்கு ரூ. 9,000. தாளில் எழுதி நேரில் கொடுத்தால் ரூ. 5,000, ரூ. 10,000. கம்பெனியோ கூட்டு நிறுவனமோ பாதிக் கட்டணத்தில் போட வேண்டுமானால் உத்யம் சான்றிதழோ ஸ்டார்ட்அப் அங்கீகாரமோ இணைக்க வேண்டும். நமக்குரிய அலுவலகம் சென்னை கிண்டியில் ஜி.எஸ்.டி. சாலையில் இருக்கிறது (வரிக்கும் அந்தச் சாலைக்கும் சம்பந்தமில்லை).

முகவர் வைத்தும் செய்யலாம், நீங்களே டிஜிட்டல் கையொப்பம் வாங்கியும் செய்யலாம். முதல் விண்ணப்பத்தை முகவர் மூலம் போடுவதுதான் என் கட்சி, ஆனால் படிவத்தை நீங்கள் வரிவரியாகப் படித்துப் பார்க்க வேண்டும். பார்க்க வேண்டிய இடங்கள் இவை.

சொல்லா, படமா? வெறும் சொல்லாகப் பதிந்தால் எந்த எழுத்துருவில் எழுதினாலும் அந்தச் சொல் உங்கள் பாதுகாப்பில் இருக்கும். லேபிளாகப் பதிந்தால் அந்தத் தோற்றத்தோடு கட்டுப்பட்டது. ஒன்றுக்குத்தான் காசு இருக்கிறது என்றால், சொல் வலுவானதாக இருக்கும்பட்சத்தில் சொல்லையே பதியுங்கள். லோகோ மூன்று வருடத்தில் மாறிவிடும். தமிழ் எழுத்தில் இருந்தால் அதன் உச்சரிப்பையும் பொருளையும் ஆங்கிலத்திலோ இந்தியிலோ எழுதிக் கொடுக்க வேண்டும்.

எப்போதிலிருந்து பயன்பாடு? இன்னும் தொடங்கவில்லை என்றால் “இனிமேல் பயன்படுத்தப் போகிறேன்” என்று போடலாம், அதில் அவமானம் ஒன்றுமில்லை. தொடங்கியிருந்தால் முதல் விற்பனைத் தேதியைப் போட்டு, உறுதிமொழிப் பத்திரமும் பில்லும் இணைக்க வேண்டும். பழைய தேதி போட்டால் பலம் என்று சில முகவர்கள் அள்ளிவிடுவார்கள். பின்னால் குறுக்கு விசாரணையில் அந்தத் தேதிக்கு ஒரு பில் காட்டு என்றால் நீங்கள்தான் நிற்க வேண்டும். அதேசமயம் உண்மையான முதல் பில், முதல் லேபிள் அச்சடித்த ரசீது, முதல் கண்காட்சிக் கடை வாடகைச் சீட்டு ஆகியவற்றைப் பொன்போல் வைத்திருங்கள். உங்களுக்கு முன்பே ஒருவர் பயன்படுத்தி வந்தால் உங்கள் பதிவால் அவரைத் தடுக்க முடியாது என்பது டிரேட்மார்க் சட்டத்தின் 34-ஆம் பிரிவு. நாளைக்கு அந்த ‘முன்பே’ நீங்களாகவும் இருக்கலாம்.

மின்னஞ்சல் யாருடையது? நான் சொல்வதில் இதை மட்டுமாவது பிடித்துக்கொள்ளுங்கள். பதிவகத்தின் கடிதங்கள் படிவத்தில் உள்ள மின்னஞ்சலுக்குத்தான் வரும். முகவர் தன் முகவரியை மட்டும் போட்டுவிட்டு அடுத்த வருடம் வேறு தொழிலுக்குப் போய்விட்டால், உங்களுக்கு ஒன்றுமே தெரியாது. எந்த முகவரி போகிறது என்று கேளுங்கள், விண்ணப்ப எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள், மாதம் ஒருமுறை தளத்தில் நிலையைப் பாருங்கள்.

போட்ட பிறகு

எண் வந்த நாளிலிருந்து பெயருக்குப் பக்கத்தில் டி.எம். என்று போட்டுக்கொள்ளலாம். வட்டத்துக்குள் ஆர் எழுத்தைப் பதிவு முடிந்த பிறகுதான் போட வேண்டும். முன்கூட்டிப் போடுவது சட்டப்படி தவறு, அபராதம் உண்டு. ஊரில் பாதிப் பலகைகளில் அது சும்மாவே மினுங்குகிறது என்பது வேறு விஷயம்.

சில மாதத்தில் தளத்தில் ‘அப்ஜெக்டட்’ என்று சிவப்பாகத் தெரியும். உடனே ஐந்தாறு பேர் போன் செய்வார்கள், “சார் உங்க பிராண்டு ரிஜெக்ட் ஆகப்போகுது” என்று. உங்கள் விவரம் பொதுப் பதிவேட்டில் இருக்கிறது, அதைப் பார்த்து ஆள் பிடிப்பவர்கள் இவர்கள். அப்ஜெக்டட் என்றால் பதிவகத்தின் பரிசோதகர் கேள்வி கேட்டிருக்கிறார் என்று அர்த்தம். மிகச் சாதாரணம். அறிக்கை கிடைத்த 30 நாளுக்குள் பதில் போட வேண்டும், விட்டால் விண்ணப்பம் கைவிடப்பட்டதாகிவிடும். கேள்வி 9-ஆம் பிரிவில் வந்தால் பெயர் பொதுச்சொல்லாக இருக்கிறது என்கிறார்கள். 11-ஆம் பிரிவில் வந்தால் ஏற்கெனவே உள்ள பெயர்களைப் பட்டியலிட்டு, இவற்றோடு ஒத்திருக்கிறது என்கிறார்கள். இரண்டாவதற்கு, பட்டியலில் உள்ள ஒவ்வொன்றையும் எடுத்து, சரக்கு எப்படி வேறு, ஒலி எப்படி வேறு என்று பதில் எழுத வேண்டும். எல்லோருக்கும் ஒரே பதிலை வெட்டி ஒட்டும் முகவர்கள் உண்டு. அனுப்பும் முன் உங்களிடம் காட்டச் சொல்லுங்கள். பதில் போதவில்லை என்றால் விசாரணைக்கு அழைப்பார்கள், இப்போது வீடியோ வழியாகவே நடக்கிறது.

ஏற்றுக்கொண்டால் டிரேட்மார்க் இதழில் வெளியிடுவார்கள். அதிலிருந்து நாலு மாதம் யார் வேண்டுமானாலும் எதிர்க்கலாம். எதிர்ப்பு வந்து அதன் நகல் உங்களுக்குக் கிடைத்தால் இரண்டு மாதத்துக்குள் பதில் மனு. இங்கே மட்டும் கண்டிப்பாக வக்கீல் வேண்டும், ஆண்டுக் கணக்கில் இழுக்கும். யாரும் எதிர்க்காவிட்டால் சான்றிதழ் மின்னஞ்சலில் வரும், உரிமை நீங்கள் விண்ணப்பித்த தேதியிலிருந்தே கணக்கு. பத்து வருடம் செல்லும், பத்துப் பத்து வருடமாகப் புதுப்பித்துக்கொண்டே போகலாம். பதிந்துவிட்டுத் தொடர்ந்து ஐந்து வருடத்துக்கு மேல் பயன்படுத்தாமல் கிடந்தால் நீக்கச் சொல்லி மற்றவர் கேட்க முடியும்.

இந்தப் பதிவு இந்தியாவுக்குள்தான். சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்கும் முறுக்கு அனுப்பும் எண்ணம் இருந்தால், 2013 முதல் இந்தியா சேர்ந்துள்ள மேட்ரிட் ஏற்பாட்டின் வழியாக, இங்குள்ள விண்ணப்பத்தை அடிப்படையாக வைத்து அந்த நாடுகளுக்கும் போடலாம். அங்குள்ள விநியோகஸ்தரையே அவர் பெயரில் பதிந்துகொள்ளச் சொல்வது மட்டும் வேண்டாம்.

கண்டுபிடிப்பு வைத்திருப்பவர்களுக்கு

பேட்டன்டுக்கு ஒரே விதி முதலில்: வாயைத் திறக்காதீர்கள். விண்ணப்பிக்கும் முன் யூடியூபில் காட்டினாலோ கண்காட்சியில் ஓட்டிக் காட்டினாலோ விற்றாலோ, அது இனிப் புதிதல்ல. மிகச் சில விதிவிலக்குகள்தான் உண்டு. முழு விவரம் தயாராகாவிட்டால் தற்காலிக விவரக்குறிப்பு ஒன்றைப் போட்டுத் தேதியைப் பிடித்துவிட்டு, 12 மாதத்துக்குள் முழுதாகக் கொடுக்கலாம். தனிநபருக்கும் ஸ்டார்ட்அப்புக்கும் ஆன்லைன் விண்ணப்பக் கட்டணம் ரூ. 1,600, பரிசோதனைக்கு ரூ. 4,000. கட்டணம் குறைவுதான், கண்டுபிடிப்பில் எது எதற்கு உரிமை என்று வரையறுக்கும் உரிமைக்கோரல்களை எழுதும் பேட்டன்ட் முகவருக்குத்தான் செலவு. அதில் மிச்சம் பிடிக்காதீர்கள். கிடைத்தால் விண்ணப்பித்த நாளிலிருந்து 20 வருடம்.

பாட்டியின் கஷாயப்பொடிக்குப் பேட்டன்ட் கிடைக்காது. வழிவழியாக வரும் அறிவைப் பேட்டன்ட் சட்டத்தின் 3-ஆம் பிரிவு விலக்கி வைத்திருக்கிறது. அது நல்லதுக்குத்தான். மஞ்சள் காயத்தை ஆற்றும் என்பதற்கு 1995-இல் அமெரிக்காவில் மிசிசிப்பி பல்கலைக்கழக மருத்துவ மையத்துக்குப் பேட்டன்ட் கொடுத்துவிட்டார்கள். நம் ஊர் அடுப்படியில் எல்லோருக்கும் தெரிந்ததுதான் இது என்று பழைய நூல்களைக் காட்டி நம் அறிவியல் தொழிலக ஆராய்ச்சி மன்றம் போராடி, 1997-இல் அது ரத்தானது. வெறும் கணினி நிரலுக்கும் வியாபார முறைக்கும் இங்கே பேட்டன்ட் இல்லை. செயலி செய்பவர்கள் நிரலைப் பதிப்புரிமையிலும் பெயரை டிரேட்மார்க்கிலும் காத்துக்கொள்வார்கள்.

பாட்டில், விளக்கு, நகை என்று தோற்றம் புதிதாக இருந்தால் டிசைன் பதிவு. தனிநபருக்கும் ஸ்டார்ட்அப்புக்கும் சிறுதொழிலுக்கும் கட்டணம் ரூ. 1,000. பத்து வருடம், பிறகு ஒருமுறை ஐந்து வருட நீட்டிப்பு. இதற்கும் அதே விதிதான், இன்ஸ்டாகிராமில் போடும் முன் பதிய வேண்டும்.

செய்முறையைக் காப்பதற்கு இந்தியாவில் தனிச் சட்டம் கிடையாது, ஒப்பந்தமும் உங்கள் கவனமும்தான். எங்கள் பொடியில் மூன்று கலவைகளை மூன்று பேர் போடுகிறார்கள், அளவுத்தாள் என்னிடம். வேலைக்குச் சேரும்போதே ரகசியக் காப்பு ஒப்பந்தம் ஒரு பக்கம் வாங்கிவிடுகிறேன். வெளியில் அரைத்து பேக் செய்து கொடுக்கும் ஆலையிடம் இரண்டு பக்கம்.

ஊர்ப் பெயர் போடுபவர்களுக்கு

ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவும் பழநி பஞ்சாமிர்தமும் 2019-இல் புவிசார் குறியீடு பெற்றன. கோவில்பட்டி கடலைமிட்டாய் 2020-இல், மணப்பாறை முறுக்கு 2023-இல். திருப்பூரில் கடலைமிட்டாய் செய்துவிட்டுக் கோவில்பட்டி என்று அச்சடிக்க முடியாது. அந்த ஊரிலேயே, அந்த முறைப்படியே செய்பவராக இருந்தால், அங்கீகரிக்கப்பட்ட பயனாளராகப் பதிந்து அந்த முத்திரையை நீங்களும் போடலாம். உள்ளூர் உற்பத்தியாளர் சங்கத்தில் கேளுங்கள். நாடு முழுவதற்குமான புவிசார் குறியீட்டுப் பதிவகமும் அதே கிண்டியில்தான் இருக்கிறது.

உங்கள் பெயரை ஒருவர் எடுத்தால்

முதலில் பாக்கெட் ஒன்றைப் பில்லோடு வாங்குங்கள். அவருடைய இணையப் பக்கத்தைத் தேதியோடு படம் பிடியுங்கள். அடுத்து, பொதுத் தேடலில் அவர் எப்போதிலிருந்து என்று பாருங்கள், நீங்கள்தான் இளையவர் என்று தெரியவந்தால் சத்தமில்லாமல் திரும்பிவிட வேண்டும். உரிமை இல்லாமல் மிரட்டல் நோட்டீஸ் விட்டால் அவர் உங்கள்மேலேயே வழக்குப் போட முடியும். நீங்கள்தான் மூத்தவர் என்றால் ஒரு போன். சின்னக் கடைக்காரர்களில் பலர் வேண்டுமென்று செய்வதில்லை, என்னைப்போல் தெரியாமல் செய்தவர்கள்தான். இருக்கும் சரக்கை விற்றுத் தீர்க்க மூன்று மாதம் கொடுத்து, எழுத்தில் வாங்கிக்கொண்டால் பெரும்பாலும் முடிந்துவிடும். கேட்காதவருக்கு வக்கீல் நோட்டீஸ், அதன்பின் நீதிமன்றம். ஆன்லைன் சந்தைகளில் என்றால் அங்கேயே புகார்ப் படிவம் இருக்கும், டிரேட்மார்க் எண் கேட்பார்கள்.

எனக்கு நோட்டீஸ் அனுப்பிய கம்பெனிக்காரரும் கடைசியில் மூன்று மாதம் கொடுத்தார். புதுப் பெயருக்கு அந்த மூன்று மாதத்தில் பதினேழு விதமான எழுத்துக்கூட்டலில் தேடினேன். சிலிண்டருக்கு ஆர்டர் கொடுத்தது விண்ணப்ப எண் வந்த பிறகுதான்.